எரிந்த நூலகமும் எழுந்த சுவரும்

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாழும் நம் மக்களுள் யாழ்ப்பாணத்தோடு எவ்வித உறவுமற்ற குடும்பங்கள் மிகச் சிலவே. திருமணத்துக்கோ, கோயில் திருநாளுக்கோ, காணி உறுதி விடயமாகவோ ஆண்டுக்கொரு தடவையேனும் வடக்கே போய்வருகின்றோம். போகும் இளையோர் முற்றவெளிப் பக்கம் சென்று, நடுவிலே குவிமாடம் உயர்ந்த வெள்ளை மாளிகையொன்றின் முன் நின்று படம் பிடித்துக்கொண்டு திரும்புகின்றனர். அழகிய கட்டிடம், படத்துக்கு ஏற்ற கட்டிடம்தான். ஆயினும் அவர்களுட் பலருக்குத் தாம் கண்ட சுவர் எப்பொழுது எழுந்தது, அதற்கு முன் அவ்விடத்தில் நின்ற சுவருக்கு என்ன நேர்ந்தது என்பது தெரியாது. பெற்றோருக்குத் தெரியும், சொல்வதில்லை. ஆகவே இவ்வாரம் யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் வரலாற்றை எடுத்துக்கொள்வோம். கத்தோலிக்கர் என்ற வகையில் நமக்கு அதில் இரண்டு குருக்களின் கதையும் உண்டு, பாவசங்கீர்த்தனத்தைப் பற்றிய ஒரு பாடமும் உண்டு.

ஓர் அறையில் தொடங்கியது

1933ஆம் ஆண்டில் க. மு. செல்லப்பா என்னும் அன்பர் தம் வீட்டிலிருந்தே அயலவர்க்கு நூல்களை இரவல் கொடுக்கத் தொடங்கினார். அது ஊரார் முயற்சியாக வளர்ந்து, 1934 ஆகஸ்ட் மாதம் ஆஸ்பத்திரி வீதியில் வாடகைக்கு எடுத்த ஓர் அறையில் நூலகமாயிற்று. அன்று அங்கிருந்தவை 844 நூல்களும் முப்பதளவிலான பத்திரிகை சஞ்சிகைகளுமே. அடுத்த ஆண்டு பட்டினசபை அதைப் பொறுப்பேற்றது. அறை போதவில்லை, கட்டிடம் மாறியது, அதுவும் போதவில்லை. வாசிக்க வருவோர் தொகை இடத்தைவிட வேகமாக வளர்ந்தது என்று சொன்னால் அந்த ஊரை அறிந்தவர்கள் வியக்கமாட்டார்கள்.

1950களின் தொடக்கத்தில், சாம் சபாபதி அவர்கள் மாநகர முதல்வராயிருந்த காலத்தில், நிரந்தரமான பெரிய நூலகமொன்றைக் கட்டுவதென்று தீர்மானித்தனர். அரசாங்கம் கட்டித் தரட்டும் என்று எவரும் காத்திருக்கவில்லை. களியாட்டு விழா வைத்தும், வீடு வீடாகக் கேட்டும் பணம் சேர்த்தனர். இம்முயற்சியில் முன்னின்றவர்களுள் ஒருவர் புனித பத்திரிசியார் கல்லூரியின் அதிபராக 1936 முதல் 1954 வரை விளங்கிய லோங் அடிகளார். அயர்லாந்திலிருந்து வந்த அமலமரித் தியாகிகள் சபைக் குரு. கல்லூரிக்கு வெளியே, எம்மதத்தவர்க்கும் பொதுவான ஒரு நூலகத்துக்காக அவர் ஏன் இத்துணை பாடுபட்டார் என்று சிலர் அக்காலத்திற் கேட்டிருக்கக்கூடும். வாசிக்கக் கற்ற மாணவன் பள்ளியை விட்டு வெளியேறிய பின் வாசிப்பதற்கு ஓரிடம் வேண்டுமல்லவா? ஓர் ஆசிரியருக்கு இதைவிட வேறு காரணம் தேவையில்லை.

திட்டமிடுவதற்கு அழைக்கப்பட்டவர்களும் சாதாரணமானவர்களல்லர். சீர்காழியிற் பிறந்து, நூலகவியலுக்கு ஐந்து விதிகள் வகுத்து உலகப் புகழ் பெற்ற எஸ். ஆர். இரங்கநாதன் ஆலோசனை வழங்கினார். நூல்கள் பூட்டிவைப்பதற்கல்ல, பயன்படுவதற்கே என்பது அவ்விதிகளின் ஆணிவேர். கட்டிடத்தை வரைந்தவர் சென்னையைச் சேர்ந்த கட்டிடக்கலைஞர் நரசிம்மன். திராவிடக் கலைச் சாயலில் அவர் வரைந்த கட்டிடத்துக்கு 1954இல் அடிக்கல் நாட்டப்பட்டது. 1959இல் மாநகர முதல்வர் அல்பிரட் துரையப்பா அதைத் திறந்துவைத்தார். பின்னர் சிறுவர் பகுதியும் கேட்போர் கூடமும் சேர்ந்தன. வாயிலில் சரஸ்வதியின் சிலை. அதே வளாகத்தில் அயர்லாந்துக் குருவானவரின் சிலை. இரண்டும் ஒரே முற்றத்தில் இருப்பதை அந்த ஊரவர் யாரும் வினோதமாகக் கருதவில்லை.

தீ

1981 யூன் 4ஆம் திகதி மாவட்ட அபிவிருத்திச் சபைத் தேர்தல் நடைபெறவிருந்தது. மே 31ஆம் திகதி தமிழர் விடுதலைக் கூட்டணியின் கூட்டமொன்றில் பொலிசார் சுடப்பட்டு இருவர் மாண்டனர். அதைத் தொடர்ந்து பொலிசாரும் அவர்களோடு சேர்ந்தோரும் நகரில் வெறியாட்டம் ஆடினர். கூட்டணியின் அலுவலகம், யாழ்ப்பாணப் பாராளுமன்ற உறுப்பினரின் இல்லம், ஈழநாடு பத்திரிகைக் காரியாலயம், பூபாலசிங்கம் புத்தகசாலை என்பன தீக்கிரையாயின. தேர்தலுக்கென்று கொழும்பிலிருந்து வந்திருந்த அமைச்சர்கள் இருவர் அவ்வேளை யாழ்நகரிலேயே தங்கியிருந்தனர். யூன் 1ஆம் திகதி இரவு நூலகம் எரிந்தது என்றே பெரும்பாலும் பதிவாகியிருக்கின்றது.

அழிந்தவை ஏறத்தாழ 97,000 நூல்கள். எண்ணிக்கை பெரிது, ஆனால் எண்ணிக்கை மட்டும் இழப்பைச் சொல்லாது. கடையில் வாங்கக்கூடிய பத்தாயிரம் நூல்கள் எரிந்தால் பணம் இருப்பவன் பத்தாயிரத்தையும் வாங்கலாம். இங்கே எரிந்தவற்றுள் ஆனந்தக் குமாரசாமி, ஐசாக் தம்பையா, முதலியார் குல. சபாநாதன் போன்ற அறிஞர்களின் பெயரால் வைக்கப்பட்டிருந்த தொகுதிகள் இருந்தன. ஏட்டுச் சுவடிகள் இருந்தன. பழைய யாழ்ப்பாணப் பத்திரிகைகளின் கட்டுகள் இருந்தன. ஒருவர் ஆயுள் முழுவதும் தேடிச் சேர்த்த தொகுதியை இன்னொருவர் மீண்டும் தேடிச் சேர்த்துவிட முடியாது.

இவ்விடத்தில் ஒரு சிறு திருத்தம். யாழ்ப்பாண வைபவமாலையின் ஒரே பிரதி இந்தத் தீயில் அழிந்தது என்று பலர் எழுதியும் பேசியும் வருகின்றனர். இது சரியன்று. மயில்வாகனப் புலவர் இயற்றிய அந்நூல் பல தடவை அச்சேறியது, பிரிற்றோ என்பவர் 1879இலேயே அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார், குல. சபாநாதனே ஒரு பதிப்பை வெளியிட்டவர். அழிந்தது அந்நூலின் பழைய பிரதிகளாயிருக்கலாம், நூல் அன்று. நம் இழப்பு பெரிது. அதைப் பெரிதாக்கிக் காட்டத் தேவையில்லை. தவறான ஒன்றைச் சேர்த்துச் சொன்னால், உண்மையான மற்றவற்றையும் மறுப்பதற்கு மறுப்பவனுக்கு ஒரு வழி திறந்துவிடுகிறது.

தாவீது அடிகளார்

அன்றிரவு புனித பத்திரிசியார் கல்லூரியின் மேல்மாடியிலிருந்து தீயைக் கண்டவர்களுள் சிங்கராயர் தாவீது அடிகளாரும் ஒருவர். பல மொழிகளை நுணுகிக் கற்றவர். தமிழ்ச் சொற்களின் பிறப்பை வேற்றுமொழிச் சொற்களோடு ஒப்பிட்டு அகராதி தொகுத்தவர். நூலகம் எரிவதைக் கண்ட அதிர்ச்சியில் விழுந்தவர் மீண்டும் எழவில்லை.

அடிகளாரின் இறப்பைப் பலரும் நினைவுகூர்கின்றனர். அவர் வாழ்க்கையை அவ்வளவுக்கு நினைவுகூர்வதில்லை என்பது எனக்கு ஒரு குறையாகவே படுகிறது. ஒரு சொல்லின் வேரைத் தேடி நாட்கணக்காக உழைப்பதென்பது எத்தகைய தவம் என்பதை அகராதி தொகுத்தவர்களே அறிவர். நூலகத்தின் அலுமாரிகள் அவருக்கு வேலைக்களம். தச்சன் தன் பட்டறை எரிவதைக் காண்பது போல அவர் அதைக் கண்டார். நம் பங்குகளில் இவ்விரு குருக்களின் பெயரையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் மறைக்கல்வி வகுப்பு ஒன்றேனும் உண்டா?

ஒருமுறை எரிந்தது போதவில்லை

மக்கள் சும்மா இருக்கவில்லை. மறுபடியும் பணம் சேர்த்தனர். மறுபடியும் நூல் சேர்த்தனர். எரிந்த கட்டிடத்தை நினைவுச் சின்னமாக அப்படியே விட்டுவிட்டுப் பக்கத்திலே புதிதாகக் கட்டவேண்டும் என்ற எண்ணம் அப்பொழுதே எழுந்தது. கட்டிடக்கலைஞர் வி. எஸ். துரைராஜா திட்டம் வரைந்தார். 1984 யூன் மாதம் ஒரு பகுதி வாசகர்க்குத் திறக்கப்பட்டது. ஓர் ஆண்டு செல்வதற்குள், 1985 மே மாதம், அதுவும் தாக்குதலுக்கு உள்ளாயிற்று. நூலகம் நின்ற இடம் கோட்டைக்கு அண்மையானது. போர் முற்றியபோது கோட்டையைச் சூழ்ந்த நிலம் முழுவதும் சண்டைக் களமாயிற்று. குண்டு துளைத்த சுவர்களும் கூரையற்ற மண்டபமுமாக அது ஆண்டுக்கணக்கில் நின்றது. அந்த எலும்புக்கூட்டைக் கண்டவர்கள் இன்றும் நம்மிடையே இருக்கின்றனர், கேட்டால் சொல்வார்கள்.

1998இல் சந்திரிகா குமாரதுங்க அம்மையாரின் அரசாங்கம் மீளக் கட்டும் பணியைத் தொடங்கியது. செங்கல்லும் நூலும் தாருங்கள் என்று நாடெங்கும் கேட்கப்பட்டது. தென்னிலங்கைச் சிங்கள மக்களும் கொடுத்தார்கள். வெளிநாடுகளும் உதவின. பழைய கட்டிடத்தின் தோற்றத்திலேயே புதிய கட்டிடம் 2001ஆம் ஆண்டளவில் நிறைவேறியது.

பின்னர்தான் சிக்கல். 2003 பெப்ரவரி 14ஆம் திகதி நடைபெறவிருந்த திறப்பு விழா, புலிகள் இயக்கத்தினரின் எதிர்ப்பினால் நின்றுபோயிற்று. முதல்வர் செல்லன் கந்தையன் தலைமையில் மாநகர சபை உறுப்பினர் 23 பேரும் பதவி துறந்தனர். ஒடுக்கப்பட்ட சமூகத்தைச் சேர்ந்த ஒருவர் முதல்வராயிருந்து அதைத் திறப்பதா என்ற எண்ணமும் சிலர் மனத்தில் இருந்ததென்று அன்று பேசப்பட்டது. அந்தப் பேச்சையும் நாம் மறைக்கலாகாது. முடிவில் ஆரவாரம் எதுவுமின்றிக் கதவு திறக்கப்பட்டது. வாசகர்கள் உள்ளே போனார்கள்.

கட்டியது சரியா?

எதிர்த்தவர்கள் எல்லாரையும் அறிவற்றோர் என்று தள்ளிவிட முடியாது. எரிந்த சுவர் ஒரு சாட்சி. சாட்சிக்கு வெள்ளை பூசுவது குற்றத்தை மறைப்பதாகாதா என்று அவர்கள் கேட்டார்கள். கேட்கவேண்டிய கேள்விதான். மறுபுறத்தில், 1981இற்குப் பின் பிறந்த ஒரு பிள்ளைக்குப் பரீட்சைக்கு முன் உட்கார்ந்து வாசிக்க மேசையொன்று வேண்டியிருந்தது. இடிந்த மண்டபம் அந்தப் பிள்ளைக்கு வரலாற்றைக் காட்டும். ஆனால் கணிதத்தைக் கற்பிக்காது.

வேதாகமத்தில் எஸ்ரா நூலின் மூன்றாம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். பாபிலோனிலிருந்து திரும்பிய மக்கள் எருசலேமில் ஆலயத்துக்கு மீண்டும் அத்திவாரம் இடுகின்றனர். இளையோர் மகிழ்ந்து ஆர்ப்பரிக்கின்றனர். முன்னிருந்த ஆலயத்தைக் கண்ணாற் கண்ட முதியோர் உரத்த குரலில் அழுகின்றனர். எது மகிழ்ச்சிக் குரல், எது அழுகுரல் என்று பிரித்தறிய முடியாதபடி இரண்டும் ஒன்றாய்க் கலந்து தொலைவிலும் கேட்டதாம். அழுதவர்களை வேதாகமம் அங்கே கண்டிக்கவில்லை, ஆர்ப்பரித்தவர்களையும் கண்டிக்கவில்லை. கட்டும் வேலையும் நிற்கவில்லை. 2003இல் யாழ்ப்பாணத்தில் கேட்டதும் ஏறக்குறைய இதே கலந்த குரல்.

என் கருத்தைக் கேட்டால், கட்டியது சரியென்றே சொல்வேன். பிழை வேறோர் இடத்தில் இருந்தது. பாவசங்கீர்த்தனத்துக்கு நம்மைச் சிறுவயதில் எப்படி ஆயத்தப்படுத்தினார்கள் என்பதை நினைவுபடுத்திக் கொள்ளுங்கள். முதலில் மனஸ்தாபம், பின்பு வாயினால் அறிக்கை, அதன்பின் பரிகாரம். களவெடுத்தவன் பொருளைத் திருப்பிக் கொடுக்கவேண்டும் என்பது உண்மை. ஆனால் இரவில் யாரும் காணாமல் பொருளை முற்றத்தில் வைத்துவிட்டு, மறுநாள் ஒன்றும் நடவாதது போல முகம் பார்த்துச் சிரித்தால், பொருள் திரும்பியிருக்கும், உறவு திரும்பியிராது. நூலகத்தின் விடயத்தில் பரிகாரம் முந்திக்கொண்டது. சுவர் எழுந்தது 2001இல். எரித்த காலத்தில் ஆட்சியிலிருந்த கட்சியின் தலைவர், பிரதமர் என்ற நிலையில், பாராளுமன்றத்தில் அதற்காக மன்னிப்புக் கேட்டது 2016இல். அதாவது தீ மூட்டி முப்பத்தைந்து ஆண்டுகளின் பின். தீ மூட்டியவர் எவரும் நீதிமன்றத்தில் தண்டிக்கப்படவில்லை. திறப்பு விழாவில் மக்கள் மனம் ஒன்றுபடவில்லையே என்று வியப்பவர்கள் இந்த வரிசையைக் கவனிக்கவேண்டும்.

இது கொழும்பு வாசகர்களுக்குத் தொலைவான செய்தியன்று. 2019 ஏப்ரல் 21, உயிர்ப்பு ஞாயிறன்று, கொச்சிக்கடைப் புனித அந்தோனியார் திருத்தலத்தில் வெடித்த குண்டின் ஓசையைக் கொட்டாஞ்சேனை மக்கள் தம் வீடுகளில் இருந்தே கேட்டார்கள். கடற்படையினர் இரவு பகலாக உழைத்துத் திருத்தினர். யூன் 12ஆம் திகதி, புனிதரின் திருநாளுக்கு முந்திய தினம், கர்தினால் மல்கம் றஞ்சித் ஆண்டகை ஆலயத்தை மீண்டும் அபிஷேகித்தார்கள். ஏறக்குறைய ஏழு வாரத்தில் சுவர் எழுந்துவிட்டது. ஆயினும் உண்மை வெளிவரவேண்டும், பொறுப்பாளிகள் யாரென்று தெரியவேண்டும் என்று ஆண்டுதோறும் ஆண்டகை கேட்டுக்கொண்டே வந்திருக்கிறார்கள். கட்டுவானபிட்டி ஆலயத்திலோ, இரத்தம் தெறித்த உயிர்த்த ஆண்டவரின் திருச்சொரூபத்தைக் கழுவாமல் கண்ணாடிக்குள் வைத்திருக்கின்றனர். ஆலயமும் எழுந்தது, சாட்சியும் நிற்கிறது. யாழ்ப்பாணத்தில் ஒன்றையொன்று விலக்குவதாகக் கருதப்பட்ட இரண்டும் இங்கே ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன.

லூவேன் கற்ற பாடம்

உலகில் நாம் மட்டும் இதைக் கண்டவர்களல்லர். பெல்ஜியம் நாட்டில் லூவேன் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தின் நூலகத்தை 1914 ஆகஸ்ட் மாதம் ஜேர்மன் படையினர் கொளுத்தினர். அழிந்தவை சுமார் மூன்று இலட்சம் நூல்கள். இடைக்காலக் கையெழுத்துப் பிரதிகளும் அவற்றோடு போயின. போர் முடிந்ததும் செய்யப்பட்ட வேர்சாய் உடன்படிக்கையிலே, ஜேர்மனி அந்த நூலகத்துக்கு நூல்களை ஈடுசெய்யவேண்டும் என்று தனியாக ஒரு பிரிவு எழுதப்பட்டது. அமெரிக்க மக்களின் நன்கொடையால் புதிய கட்டிடம் எழுந்து 1928இல் திறக்கப்பட்டது.

அங்கும் சச்சரவு வந்தது. ஜேர்மானியரின் வெறியால் அழிந்தது, அமெரிக்கரின் கொடையால் எழுந்தது என்ற கருத்துப்பட இலத்தீன் மொழியில் முகப்பிலே பொறிக்கவேண்டும் என்று கட்டிடக்கலைஞர் பிடிவாதமாக நின்றார். சமாதானம் தேடும் காலத்தில் இது வேண்டாம் என்று பல்கலைக்கழகத் தலைவர் மறுத்தார். வெறும் கைப்பிடிச் சுவரை வைத்தனர். ஒருவர் வந்து அதை உடைத்தே விட்டார். இவ்வளவும் முடிந்து பன்னிரண்டு ஆண்டுகளில், 1940 மே மாதம், நூலகம் மீண்டும் எரிந்தது. இம்முறை சுமார் ஒன்பது இலட்சம் நூல்கள். மீண்டும் கட்டினார்கள், அதே வரைபடத்தில்.

வேடிக்கையும் வேதனையும் கலந்த ஒரு செய்தியையும் சொல்லவேண்டும். 1968இல் பிளெமிஷ் மொழியினருக்கும் பிரெஞ்சு மொழியினருக்கும் இடையே எழுந்த பிணக்கினால் அந்தப் பல்கலைக்கழகமே இரண்டாயிற்று. நூலகத்தை எப்படிப் பிரிப்பது? ஒற்றை எண் நூல்கள் ஒரு பக்கத்துக்கு, இரட்டை எண் நூல்கள் மறுபக்கத்துக்கு! இரு உலகப் போர்களைத் தாண்டி எழுந்த நூலகத்தை ஒரு மொழிச் சண்டை பாதியாக்கியது. இலங்கையரான நாம் இதைக் கேட்டுச் சிரிப்பதற்கு முன் சற்றே யோசிக்கவேண்டும்.

எரிந்த சுருள்

நூலை எரிப்பது புதிய குற்றமுமன்று. எரேமியா ஆகமத்தின் 36ஆம் அதிகாரம் அதை நேரிற் கண்டது போல விவரிக்கிறது. குளிர்காலம், அரசன் யோயாக்கிம் கணப்புச் சட்டியின் அருகே அமர்ந்திருக்கிறான். இறைவாக்கினர் சொல்லச் சொல்லப் பாரூக்கு எழுதிய சுருள் அவன் முன் வாசிக்கப்படுகிறது. மூன்று நான்கு பத்தி வாசித்ததும் கத்தியால் அறுத்து நெருப்பிற் போடுகிறான். மறுபடி வாசிப்பு, மறுபடி அறுப்பு, சுருள் முழுவதும் சாம்பலாகும் வரை. எரிக்கவேண்டாம் என்று அரசவையில் மூவர் மன்றாடினர் என்பதையும் அந்த அதிகாரம் பெயர் குறித்துப் பதிந்திருக்கிறது. 1981இலும் அப்படி மன்றாடியோர், கண்டித்து எழுதியோர், சிங்கள மக்களிடையே இருந்தனர்; அவர்களை நாம் மறக்கலாகாது.

பின்பு என்ன நடந்தது? எரேமியா வேறொரு சுருளை எடுத்துப் பாரூக்கிடம் கொடுத்தார். முன்பு எழுதிய அனைத்தும் மீண்டும் எழுதப்பட்டன; இன்னும் பல சேர்க்கப்பட்டன. இங்கே ஒரு நுட்பத்தைக் கவனியுங்கள். சுருள் எரிந்தபோது எரேமியா உயிரோடிருந்தார். சொல்ல அவருக்கு நினைவிருந்தது. எழுதப் பாரூக்கு இருந்தார். ஆகவே நூல் மீண்டது. யாழ்ப்பாணத்து ஏடுகளை எழுதியோர் எப்போதோ மறைந்தவர்கள். அவற்றை மனப்பாடமாய் அறிந்தவர் இல்லை. செங்கல்லைத் திரும்ப அடுக்கலாம், அச்சு நூலைத் திரும்ப வாங்கலாம், ஒரே பிரதியாயிருந்த ஏட்டை எந்த அரசாங்கத்தாலும் எந்த வெளிநாட்டாலும் திருப்பித் தர இயலாது.

அப்படியானால் ஒரே பிரதியாய் இருப்பதை இரண்டாக்குவதுதான் செய்யக்கூடிய வேலை. 2005இல் தொடங்கிய நூலகம் என்னும் முயற்சி ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் மின்வடிவில் பிரதியெடுத்து எவரும் இலவசமாக வாசிக்கும்படி வைத்துவருகிறது. வெள்ளவத்தை 57ஆம் ஒழுங்கையில் கொழும்புத் தமிழ்ச் சங்கத்தின் நூலகம் இருக்கிறது. 1983 யூலையில் அந்தப் பகுதியில் எரிந்த வீடுகளில் எத்தனை வீட்டு அலுமாரிகள் நூல்களோடு போயின என்பதை எவரும் கணக்கிட்டு வைக்கவில்லை.

உங்கள் வீட்டுப் பரணில் என்ன இருக்கிறது? பாட்டனார் கையால் எழுதிய நாட்டுக்கூத்துக் கொப்பி, பழைய வியாகுலப் பிரசங்கப் புத்தகம், தவசு காலத்தில் பாடிய ஒப்பாரிகளின் கைப்பிரதி, மூடிப்போன ஒரு பத்திரிகையின் இதழ்கள், பங்கு வெள்ளிவிழா மலர். கத்தோலிக்க வீடுகளில் இவை இருப்பது வழக்கம். வீடு மாறும்போதும், பிள்ளைகள் வெளிநாடு போகும்போதும் இவைதான் முதலில் பழைய கடதாசிக்காரனின் தராசில் ஏறுகின்றன. கொடுப்பதற்கு முன் ஒருமுறை விரித்துப் பாருங்கள். யார் எழுதியது, எந்த ஊர், எந்த ஆண்டு என்பதைத் தனியொரு தாளில் எழுதி உள்ளே வையுங்கள். நூலின் மேலேயே மையால் எழுதவேண்டாம். கிழிந்த தாளுக்குப் பசைநாடா ஒட்டவேண்டாம். நாளடைவில் அது எழுத்தையும் சேர்த்து உரித்துவிடும். பூச்சி அரித்திருந்தால் வெயிலிற் காயவைக்காமல் நிழலில் காற்றுப்பட வையுங்கள். கைத்தொலைபேசியில் ஒவ்வொரு பக்கமாகப் படமெடுப்பதற்கு உங்கள் பேரப்பிள்ளைக்கு அரைநாள் போதும். பின்பு மூலத்தை நீங்களே வைத்திருந்தாலும், படங்களின் ஒரு பிரதியைப் பங்குத்தந்தையிடமோ நூலகமொன்றிலோ ஒப்படையுங்கள். பிரதி இரண்டு ஊர்களில் இருப்பது நல்லது. ஒன்று கொழும்பிலும் ஒன்று வேறெங்காவதும்.